அம்மா மறுபடி லேபுக்குப் போவது பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதற்குப் போய் ஒரு கடிதமா என்று சலித்துக்கொள்ளாதே, மன்னித்துக்கொள். நீ "சொல்லும்மா" என்கிறபோதே உன் பக்கம் இன்னொரு போன் அடிக்கிறது, நானும் ஒண்ணுமில்ல என்று வைத்துவிடுகிறேன். நானும் அப்பாவும் சௌகரியமாக இருக்கிறோம், நீ எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நன்றாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய துணி துவைக்கும் மெஷின் வந்துவிட்டது. அது பாட்டுக்குச் சுற்றுகிறது, நான் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, மருந்துக் கடைக்காரரில் தொடங்கி எதிர்ப்படுகிறவரிடமெல்லாம் "என் பொண்ணு அவங்கம்மாவ வேலைக்குப் போகாம உக்கார வெச்சுட்டா" என்று சொல்லாத நாள் கிடையாது. நீ நல்ல மனசோடுதான் சொன்னாய், நானும் சரியென்று லேபை விட்டு நின்றேன். ஆனால் காலையில் கை தானாக டிபன் டப்பாவில் சாப்பாட்டை அடைத்து மூடிவிடுகிறது. மத்தியானம் அதை வீட்டு மேஜையிலேயே திறந்து சாப்பிடுகிறேன். அப்பா பார்த்துவிட்டு, "மேடத்துக்கு லஞ்ச் டைமா" என்று கேட்டார். சிரித்துவைத்தேன், மீதியோடு டப்பாவை மூடிவிட்டேன்.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவள் நான், வகுப்பில் எழுந்து பெயர் சொல்லவே கூசியவள். பேசக் கற்றுக்கொண்டது லேபில்தான், ரத்தம் எடுக்கும்போது பயப்படுகிறவரிடம் எதையாவது பேசியாக வேண்டுமே. ஒரு பெரிய மீசைக்காரர் ஊசியைப் பார்க்கப் பயந்து என் வாட்ச் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். இப்போது பேச ஆளும் இல்லை, விஷயமும் இல்லை. ஒரு வேலையும் செய்யாமல் வருகிற களைப்பு இருக்கிறதே, அது தூங்கினாலும் போவதில்லை.

லேப் டாக்டரம்மா வழியில் பார்த்து, "புதுசா வந்த பொண்ணுக்கு நரம்பு அகப்படவே மாட்டேங்குது, காலையில மட்டுமாவது வந்துட்டுப் போயேன்" என்றார். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார். அப்பாவிடம் சொன்னால், "பொண்ணு அனுப்பறது பத்தலையான்னு நாலு பேர் கேக்க மாட்டாங்களா" என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

உன்னை நினைத்தாலும் கவலையாகத்தான் இருக்கிறது. போன ஞாயிறு பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாய், நான் வைக்க மனசில்லாமல் உன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீச்சலுக்குப் போய்க்கொண்டிருந்தாய், பிரமோஷன் வரட்டும் என்று நிறுத்தினாய், அது வந்தும் போகவில்லை. நான் உட்கார்ந்திருப்பதற்காக நீ இப்படி ஓட வேண்டாம் பாப்பா. எனக்கு மெஷின் போதும், இனி எதுவும் அனுப்பாதே.

நல்ல தூக்கமும் சிரித்துப் பேச நாலு பேருமாக நீ நன்றாக இருக்க வேண்டும். கண்ணாடியை மாற்ற மறக்காதே. கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. நான் சொன்னால் அப்பா கேட்க மாட்டார், நீ சொன்னால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். இது கைக்குக் கிடைத்ததும் அவரிடம் பேசு, அம்மா லேபுக்குப் போகட்டும் என்பது உன்னுடைய யோசனை என்றே சொல்லிவிடு.

உன் அம்மா