ஏகாம்பரம் மச்சானுக்கு: உன் விமானம் ஏரியில் இறங்கிவிட்டது

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, கூடவே என்னையும் கட்டி மேய்த்த அன்பு மச்சான் ஏகாம்பரத்துக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. அங்கே காற்று எப்படி, ஓடுதளம் இருக்கிறதா என்று கேட்டால் நீ சிரிப்பாய். இங்கே வரதய்யபாளையத்தில் எல்லோரும் சௌக்கியம். தங்கை செல்வி மறுபடியும் ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போகிறாள். என் புகழ் சத்தியவேடு வரைக்கும் பரவிவிட்டது. காரணம் உன் விமானம்தான்.

விஷயம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பழைய யுத்த காலத்தில் வால்ரஸ் என்று ஒரு விமானம் இருந்தது. அடிவயிறு படகு, மேலே இரண்டடுக்கு இறக்கை, விசிறி மட்டும் பின்பக்கம் பார்த்திருக்கும். தரையில் இறங்கச் சக்கரத்தை நீட்டும், தண்ணீரில் இறங்க மடக்கிக்கொள்ளும். உலகத்தில் மிஞ்சியிருப்பவை கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். அதைத்தான் நீ கட்டில் அகலத்துக்குச் சின்னதாக்கி, ரிமோட்டில் பறக்கிற மாதிரி, பால்சா என்கிற லேசான மரத்தில் எலும்பு எலும்பாகச் செய்துகொண்டிருந்தாய். நான் எட்டாவது ஃபெயில். ஆனாலும் அதன் வரைபடத்தை லண்டனிலிருந்து எனக்குத்தான் அனுப்பினார்கள் என்று டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். நீ ஆட்சேபிக்க மாட்டாய்.

மார்வலி என்று உன்னைத் திருப்பதிக்குக் கொண்டுபோன அன்று, வண்டியில் என் தோள்மேல் சாய்ந்திருந்தாய். காளஹஸ்தி தாண்டினதும் தோள் கனத்தது. நடந்ததற்கு மேல் ஒரு சொல்கூடச் சேர்க்காமல் நான் சொல்கிற ஒரே சம்பவம் அதுதான்.

மிச்ச வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மேல் இறக்கைக்குப் பட்டு ஒட்டினேன். ராமகுப்பத்தில் நானே புழு பார்த்துப் பொறுக்கிய பட்டு என்பது ஊருக்குச் சொன்னது. அது செல்வியின் பழைய துப்பட்டா. ஆறு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது மச்சான். முடிந்தது என்று நான்தான் சொல்லவில்லை.

செல்வி கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் வைத்திருந்தேன். பெயின்ட் காயவில்லை. மழை வருகிறது. ஜெர்மனியிலிருந்து ஒரு ஸ்பிரிங் வரவேண்டும். ஞாயிறுதோறும் உன் வீட்டுக்கு வந்து, உன் ஸ்டூலில் உட்கார்ந்து, ஏற்கெனவே இறுகிய திருகுகளை இன்னொரு தரம் இறுக்கிப் பார்த்துவிட்டுப் போவேன். விமானம் பறந்துவிட்டால் எனக்கு அந்த அறையில் என்ன வேலை? விழுந்து நொறுங்கிவிட்டால், உன் கை பட்டது என்று எதைத் தொடுவேன்?

போன ஞாயிறு செல்வி தட்டோடு வந்து நின்றாள். மஞ்சள், குங்குமம், கற்பூரம்.

"இன்னாம்மா இது?"

"புது வண்டிக்குப் பூச போடப் போறேண்ணா."

"இன்னும் வேல கீதும்மா. அந்த ஸ்பிரிங்கு..."

"அந்த ஸ்பிரிங்கு ஏழு மாசமா வந்துக்கினே கீது. ஜெர்மனிலேர்ந்து நடந்து வருதா?"

பூசை போட்ட வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது. கற்பூரம் எரிந்ததும் சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தே ஆகவேண்டும். அதை வைத்துத்தான் என்னை மடக்கப் பார்த்தாள். நானும் விடவில்லை. "இத்தினியூண்டு சக்கரம் எலுமிச்சம்பயத்து மேல ஏறுமா?" என்றேன். அவள் உள்ளே போய் மூன்று சுண்டைக்காயோடு வந்தாள். சக்கரத்துக்கு ஒன்று.

சுண்டைக்காய் நசுங்கியது. ஏரிக்கரைச் சிமெண்டு ரோட்டுக்குக் கொண்டுபோனோம். ரிமோட்டை நான் கையில் எடுத்தேன். "குடுண்ணா" என்று வாங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டரில் நீ அவளுக்கு ஓட்டப் பழக்கியிருந்தாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

பறந்தது மச்சான். மலை உயரம் போயிற்று என்று டீக்கடையில் சொல்லியாகிவிட்டது. உனக்கு எழுதும்போது கை வரவில்லை. கரையில் நிற்கும் புளியமரத்துக்குக் கொஞ்சம் கீழேதான் போயிற்று. படகு வயிற்றைக் காட்டிக்கொண்டு ஏரிக்கு மேலே இரண்டு சுற்று சுற்றியது. செல்வியின் முகம் அதன் பின்னாலேயே திரும்பிக்கொண்டிருந்தது. நீ பக்கத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் அந்த இரண்டு சுற்றும் அதைத்தான் யோசித்தேன்.

பிறகு தண்ணீரில் இறக்கினாள். சக்கரத்தை மடக்கும் பொத்தானை அழுத்தத்தான் அழுத்தினாள். சக்கரம் மடங்கும் கீலுக்குள் சுண்டைக்காய்ச் சதையும் விதையும் அப்பிக் கிடந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. மடங்காத சக்கரம் தண்ணீரில் மாட்டி, மூக்கு குத்தி, உன் விமானம் குப்புறக் கவிழ்ந்தது. மற்ற வால்ரஸ்கள் யுத்தத்தில் குண்டு பட்டு விழுந்திருக்கலாம், புயலில் விழுந்திருக்கலாம். சுண்டைக்காயால் கவிழ்ந்தது உலகத்திலேயே நம்முடையது ஒன்றுதான். இதில் எனக்கு மிகைப்படுத்த வேலையே இல்லை.

ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்த சீனு, தன் தெர்மாகோல் மிதவையில் போய் எடுத்துவந்தான். "ஏமி அன்னா, மீனு வரும்னு பாத்தா கொக்கு மாரி ஒன்னு ஒடிஞ்சி கெடக்குது. இத கொயம்பு வெக்க முடியுமா?" என்றான். செல்வி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல் இறக்கை இரண்டாக ஒடிந்திருக்கிறது. நீ ஒட்டிய எலும்புகளில் பாதி தேறும், பாதி தேறாது. வீட்டில் பழைய வேட்டியை விரித்துத் துண்டுகளைப் பரப்பிக் காயவைத்தோம். எல்லாம் ஆனதும் நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

"வர்ற ஞாயித்துக்கெயம சாப்டாம வா. இங்கயே துன்னலாம்" என்றாள்.

"பாக்கறேம்மா. அந்த பசை வந்து, பெங்களூர்லேர்ந்து..."

"பசை இல்லாங்காட்டியும் வாண்ணா. எங்க வூட்டுக்கு வர்றதுக்கு நீ ஒன்னும் கத கட்ட வேணாம்."

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்குமா?

மச்சான், இறக்கையை நான் ஒட்டுகிறேன். உன் எலும்பு தேறாத இடத்தில் என்னுடையது கோணலாகத்தான் வரும். எது நீ செய்தது, எது நான் செய்தது என்று பார்த்ததும் தெரியும். தெரியட்டும். ஊருக்குச் சொல்கிற கதைகளை நிறுத்துவேன் என்று உன்மேல் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் வேலை முடிகிற அன்றைக்கு, முடிந்துவிட்டது என்று செல்வியிடம் நானே சொல்வேன்.

உன் பெண்டாட்டியோடு பிறந்தவன்,
உன்னோடு பிறக்காமல் போன அண்ணன்,
முனிரத்தினம்