இரண்டேகால் சுற்று ஸ்டியரிங்

பெல்பர்,
வியாழக்கிழமை

அன்புள்ள வெரிட்டி அக்காவுக்கு,

எலியட் எழுதுகிறேன். முதலில் ஒன்று: இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தபாலில் கடிதம் வந்தால் பிரிப்பதற்குள் உனக்குப் பாதி உயிர் போய்விடும் என்று தெரியும். வேறு வழியில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து நான் இருக்கும் அறையில்தான் அப்பாவும் இருக்கிறார். போனை எடுத்தால் "யாரு, வெரிட்டியா? சத்தமா வை, நானும் கேக்கறேன்" என்கிறார். செய்தி வந்தால் உரக்கப் படிக்கச் சொல்கிறார். என் கணினியில்தான் வானிலை பார்க்கிறார். ஆகவே தாளும் பேனாவும். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

ஆபீஸ் முகவரிக்கு நீ போட்ட கடிதம் கிடைத்தது. காரின் ஸ்டியரிங்கை அவரால் திருப்ப முடியாத அளவுக்குக் கனமாக்கிவிடு, அவரே அலுத்துப்போய் விட்டுவிடுவார், யாரும் அவரிடமிருந்து சாவியைப் பிடுங்க வேண்டியிருக்காது என்று எழுதியிருக்கிறாய். நியூசிலாந்தில் உட்கார்ந்து யோசித்தால் இப்படித்தான் யோசனை வரும் போலிருக்கிறது. ஆனால் கேள், நான் ஒன்றும் செய்யாமலே அது நடக்கப் போகிறது. ஏறக்குறைய அதையேதான் அப்பாவும் கேட்கிறார், அவருக்குத் தெரியாமல்.

அவர் மூன்று வருடம் கராஜில் பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வாங்கிப் பூட்டிய, கூரை இல்லாத கார் அது. உனக்கு அதில் ஏறினாலே குளிரும். அதன் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப மூன்றரைச் சுற்று வேண்டும். இரண்டு கை இருப்பவனுக்கு அது ஒன்றுமில்லை. அப்பாவின் இடது கை சக்கரத்தின் மேல் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். வலது கையால் மட்டும் திருப்புகிறவர் ஒவ்வொரு வளைவிலும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். "விட்டுப் பிடிக்கிற நேரத்துல கார் அதுபாட்டுக்குப் போகுதுடா. கையை எடுக்காமலே திரும்பணும். இவ்வளவுதான் கேக்கறேன்" என்றார். பள்ளியில் பூகோளம் நடத்திய ஆளுக்குச் சரியான கணக்குதான். ஒற்றைக் கையால் ஓட்டுகிறவர்களுக்கென்று சக்கரத்தில் ஒரு குமிழ் பொருத்துவார்கள், அதைப் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்றேன். "அது கிடங்குல பெட்டி தூக்கற வண்டிக்கு. எனக்கு வேணாம்" என்றார். பேச்சு முடிந்தது.

ஆக, ஸ்டியரிங்கின் சுற்றை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்சட்டத்தை, ஸ்டியரிங் ரேக்கையே, மாற்றுகிறேன். புதியதில் இரண்டேகால் சுற்றுதான். கையைக் கொஞ்சம் அசைத்தாலே கார் திரும்பிவிடும். ஆனால் எதுவும் இலவசமாக வராது. சுற்று குறைந்தால் பலம் கூடுதலாகப் போட வேண்டும். இந்தக் காரில் பவர் ஸ்டியரிங் கிடையாது. நீ கேட்ட கனம் தானாக வந்து சேரும். முன்சக்கரங்களின் பின்சாய்வைக் கொஞ்சம் குறைத்தால் அந்தக் கனத்தில் பாதியை எடுத்துவிடலாம், ஒரு மதிய வேலை. நான் அதைச் செய்யப் போவதில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. எதையும் கெடுக்காமல், ஒரே ஒரு வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறேன். உனக்குத் திருப்தி என்றால் சரி. எனக்கு வாயெல்லாம் கசக்கிறது.

மே மாதம் முதல் ஞாயிறு அப்பாவின் கார் கிளப்பில் இருக்கும் கார்கள் எல்லாம் வரிசையாக மேட்லாக் போகின்றன. அப்பா பெயர் கொடுத்துவிட்டார். டாக்டர் இன்னும் ஓட்டலாம் என்று சொல்லவில்லை. சொல்லட்டும் என்கிறேன். "சொன்னாலும் போவேன், சொல்லாட்டியும் போவேன். அங்க என்ன, பத்து மைல்" என்கிறார். எனக்கு இருக்கும் பயமெல்லாம் இந்தப் பத்து மைல்தான்.

சிரிக்க ஒன்று சொல்கிறேன். போன சனிக்கிழமை நெவில் ஒரு ரேக் கொண்டுவந்தார். கிளப்பில் அப்பாவோடு எப்போதும் சண்டை போடுவாரே, அந்த நெவில்தான். யாரோ பிரான்சில் உடைத்த காரிலிருந்து கழற்றியதாம். ஓட்டுநர் இடப்பக்கம் உட்காரும் வண்டியின் ரேக். நம் காருக்குத் தண்டு வலப்பக்கம் வர வேண்டுமே என்று குப்புறக் கவிழ்த்துப் பூட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குப் பெருமை வேறு. அப்பாவை உட்காரவைத்து, நாங்கள் இருவரும் காரைக் கராஜிலிருந்து வெளியே தள்ளினோம்.

"எலியட், நான் இடது பக்கம்தானே திருப்பறேன்?"

"ஆமாப்பா."

"அப்ப கார் ஏன்டா வலது பக்கம் ரோஜாச் செடிக்குப் போகுது?"

ரேக்கைக் கவிழ்த்தால் திசையும் கவிழும். பொறியியல் முதல் வருடப் பையனுக்கே தெரியும். நெவில் வாயிலிருந்த தேநீரைத் துப்பிவிட்டார். "தம்பி, எத்தனை வருஷம் படிச்ச?" என்றார். நாலு என்றேன். "இடது வலதெல்லாம் அஞ்சாவது வருஷத்துலதான் சொல்லித் தருவாங்களோ?" என்றார். அப்பா சிரித்தார் அக்கா. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "அவனைத் திட்டாதய்யா, ரிவர்ஸ்ல ஓட்டினா சரியா இருக்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. வேறு ரேக் சொல்லிவிட்டேன். நாளை பூட்டிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பழைய விமானத் தளத்தில் ஓட்டிப் பார்க்கப் போகிறோம். அது பொதுச் சாலை இல்லை, யாரும் கேட்க மாட்டார்கள்.

மற்றபடி எல்லாம் வழக்கம்போல. காலையில் சட்டைப் பொத்தான், மாத்திரை, காலணிக் கயிறு, பிறகு ஆபீஸ், பிறகு சமையல். நேற்று கூட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். மேனேஜர் தெரியாததுபோல் இருந்தார், அது இன்னும் மோசம். அம்மா ஸ்பெயினிலிருந்து கடற்கரைப் படம் போட்ட அட்டை அனுப்பியிருக்கிறாள். அவளுடைய இப்போதைய கணவர் ஒரு படகு வாங்கியிருக்கிறாராம். நல்லது.

ஞாயிறு முடிந்ததும் மீதியை எழுதி ஒன்றாகப் போடுகிறேன்.

திங்கட்கிழமை, மதிய இடைவேளை

உன் திட்டம் செத்துவிட்டது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் கனமாகத்தான் இருந்தது, எனக்கே தோள் வலித்தது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதமாக அந்த ஒரு கையை வைத்துத்தான் கட்டிலிலிருந்து எழுகிறார், படி ஏறுகிறார், குளியல் தொட்டியிலிருந்து வெளியே வருகிறார். அந்தக் கை இப்போது கொல்லன் கை மாதிரி இருக்கிறது. இரண்டு பொறியாளர்கள் சேர்ந்து போட்ட கணக்கில் இது வரவில்லை. சரி, நீ பொறியாளர் இல்லை. என் கணக்கில்தான் வரவில்லை.

நெவில் ஓடுபாதையில் ஆரஞ்சுக் கூம்புகளை ஜோடி ஜோடியாக வைத்து, வளைந்து வளைந்து போக ஒரு வழி அமைத்திருந்தார். நான் முடியும் இடத்தில் நின்றேன். அப்பா புறப்பட்டார். அக்கா, அழகாக ஓட்டினார். கை சக்கரத்தை விட்டு எடுபடவே இல்லை. கார் அவர் நினைத்த கணத்தில் திரும்பியது. நான் செய்த எந்த வேலையும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை. முதல் கூம்பு விழுந்தது. பழகவில்லை என்று நினைத்தேன். அடுத்தது விழுந்தது. அதற்கடுத்தது காருக்கு அடியில் மாட்டி இழுபட்டுக்கொண்டே வந்தது. வலப்பக்கக் கூம்பு ஒன்றுகூட அசையவில்லை. இடப்பக்கம் ஒன்றுகூட நிற்கவில்லை.

வந்து நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லித் தலையை நீட்டினார். முகம் அப்படியே மின்னியது. "ஒண்ணைக்கூடத் தொடலைல்ல?" என்றார்.

எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவன் என்று என்னை ஊரே திட்டும். நீதான் அதிகம் திட்டுவாய். நான் ஹெல்மெட் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

என் வேலையில்தான் பிசகோ, சக்கரம் இடப்பக்கம் இழுக்கிறதோ என்று அவரை இறக்கிவிட்டு நானே ஓட்டிப் பார்த்தேன். பிசகாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஓட்டினேன். கையை விட்டால்கூட நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. அளந்தும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

திரும்பி வருவதற்குள் நெவில் கூம்புகளை எல்லாம் பொறுக்கி அதனதன் இடத்தில் நிறுத்தியிருந்தார். கேட்டேன், நீங்கள் அவரிடம் சொல்லக் கூடாதா என்று. "நான் அவன் கூட்டாளிடா தம்பி. விழுந்ததை எடுத்து நிறுத்தினேன். என்னால ஆனது அதுதான்" என்றார். அதன்பிறகு என் கண்ணைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, உருளைக்கிழங்கு வைக்கவே இல்லையே என்று கேட்பார். முகத்தில் ஒரு பக்கம் மழிக்காமல் விட்டிருப்பார். கை பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணும் கெடவில்லை. இன்று காலை டாக்டரைப் போனில் பிடித்தேன். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை அவருக்குச் சொல்வதில்லையாம். சிலருக்கு மெல்ல மெல்லத் திரும்பி வரும், சிலருக்கு வராது, ஓட்டவே கூடாது என்றார். நீங்களே அவரிடம் சொல்லுங்கள் என்றேன். அழைத்து வா, சொல்கிறேன் என்றார். அப்பா வர மாட்டார். "எனக்கு ஒண்ணுமில்ல, எல்லாரும் பார்த்தாங்களே" என்கிறார்.

நம் சாலையில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம் அக்கா. நடைபாதை அந்தப் பக்கம். சைக்கிள் அந்தப் பக்கம். பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பக்கம்.

பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, சார்ஜ் ஏறவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் தாங்கும். அதற்குமேல் அவர் நெவிலிடம் வேறு பாட்டரி கடன் கேட்பார், நெவிலுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. நேற்று மாலை இரண்டு தட்டு சாப்பிட்டார், நான் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்தேன். மேட்லாக்கில் எந்தக் கடையில் மீன் வாங்குவது என்று இப்போதே பேசுகிறார். உனக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார், தான் ஓட்டுவதை. அந்த ஆளிடம் நான் என்ன சொல்ல? நான் சொன்னால் ஏதோ பழுதான வண்டியைப் பற்றிச் சொல்வதுபோல்தான் வரும். எனக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது.

நீ புறப்பட்டு வா. போனில் வேண்டாம், மே பிறப்பதற்குள் வந்துவிடு. லீவு கிடைக்காது என்று எழுதாதே. நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். ரயில் நிலையத்துக்கு வந்துவிடுகிறேன். சாப்பிடு, தூங்கு, மறுநாள் காலை அவர் தேநீர் குடிக்கும்போது சொல். கையைப் பிடித்துக்கொண்டு சொல். அவருடைய வலப்பக்கம் வந்து உட்கார்.

இப்படிக்கு,
உன் தம்பி
எலியட்