பாலை விட்ட பிறகு

மார்ச் 4, செவ்வாய்
காது சோதிக்கும் அறைக்குள் இன்று யாரோ முனகினார்கள். கதவை அடைத்தால் வெளிச்சத்தம் நுழையாத அறை அது. கருவியைச் சரிபார்க்க நான் மட்டும்தான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது போல ஒரு குரல். மூச்சை அடக்கிக் கேட்டேன்.
என் வயிறு.

மார்ச் 6, வியாழன்
வயிறு உப்பிக்கொண்டு ஒரே முறுக்கல். சோதனைக்கு வந்தவரை விட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். பாவம், ஹெட்போனை மாட்டியபடி இருபது நிமிடம் காத்திருந்தார்.

மார்ச் 11, செவ்வாய்
டாக்டர் ஏதோ இனிப்புக் கரைசலைக் குடிக்கவைத்து, அரைமணிக்கு ஒருதரம் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதச் சொன்னார். பாலில் இருக்கிற சர்க்கரை எனக்குச் செரிப்பதில்லையாம். அலர்ஜி இல்லை, ஆபத்தும் இல்லை. நாலு வாரம் பாலை அடியோடு விட்டுப் பாருங்கள், அப்புறம் எவ்வளவு தாங்கும் என்று கண்டுபிடிக்கலாம், தின்பதையெல்லாம் எழுதிவையுங்கள் என்றார்.
அக்காவிடம் சொன்னேன். அம்மா போனதிலிருந்து சமையல் அவள் கையில்தான்.
"பால் யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்றாள். அதோடு சரி.

மார்ச் 16, ஞாயிறு
ஐந்து நாளாக வயிற்றில் சத்தமே இல்லை. நல்லாயிட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை.

மார்ச் 24, திங்கள்
திரும்ப வந்துவிட்டது. ரொட்டி, பிஸ்கட் எல்லா உறையையும் படித்துத்தான் வாங்கினேன். பால் பவுடர் கலந்த எதையும் தொடவில்லை. அப்புறம் எங்கிருந்து?

மார்ச் 28, வெள்ளி
எழுதிவைத்ததைப் புரட்டிப் பார்த்தேன். வெளியே சாப்பிட்ட நாட்களில் ஒன்றுமில்லை. வீட்டில் சூப் குடித்த நாட்களில் மட்டும் —
ச்சே. என்ன புத்தி எனக்கு.

ஏப்ரல் 2, புதன்
மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா என்னைக் கவனிக்காமல் அடுப்படியில் பக்கவாட்டாக நின்றிருந்தாள். சூப்பில் வெள்ளைத் தூள். ஒரு கரண்டி. இன்னொன்று. நிதானமாகக் கலக்கி, கரண்டியைத் துடைத்து, பால் பவுடர் டப்பாவைச் சோப்புத்தூளுக்குப் பின்னால் வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை.
எத்தனை நாளாக என்று கேட்டேன்.
"நீ நல்லாயிட்டேன்னு சொன்ன அன்னிக்கிலேருந்து."
ஏன்க்கா?
"தெரியாம குடிச்சா உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு பார்க்கணும்னுதான்" என்றாள். "அம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப தினமும் ரெண்டு டம்ளர் பால் நான்தானே குடுத்தேன். வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டுவா. வாயைப் பிடிச்சு ஊத்தினேன். உனக்குப் பாலாலதான்னா... அப்ப அம்மாவுக்கு?"
சூப் கொதித்துக்கொண்டே இருந்தது. யாரும் அணைக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி
அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அம்மாவின் பழைய சீட்டுகளையெல்லாம் பொறுமையாகப் படித்தார். அம்மாவின் உயிரை எடுத்தது ஈரல் நோய், பால் இல்லை என்றார். ஒருவேளை பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பியிருக்கலாம், அவ்வளவுதான். அக்கா தலையாட்டினாள்.
படியிறங்கும்போது ஒன்றுதான் கேட்டாள். "வலிச்சிருக்குமா?"
அவள் கையிலிருந்த சீட்டுகளை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு
அரைக் கிண்ணம் தயிர் தாங்குகிறது. வெளியே போனால் பால் செரிக்க மாத்திரை இருக்கிறது. உடம்பு தேறிவிட்டது. இப்போது நான்தான் சமைக்கிறேன். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம், பேசவும் செய்கிறோம்.
நான் முதல் வாய் விழுங்கும்வரை அக்கா தன் தட்டைத் தொடுவதில்லை.