வாப்பா கடையில் விற்காத சிகரட்

அன்பு மகள் ஹிமாயாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் இங்கே எழுந்து நடமாடுகிறோம், நீயும் மருமகன் றம்ஸானும் அங்கே லெஸ்டரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காலுறை போட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். ஓப்பநாயக்கவில் இரண்டு கிழமையாகப் பின்னேரம் ஆனால் மழைதான். தோட்டத்துக்கு ஏறும் றோட்டில் மேல் வளைவில் மண் சரிந்து பாண் வேன்கூட மேலே போவதில்லை, லயத்தில் குடியிருக்கும் தோட்டத்து ஆட்கள் இறங்கி நம் கடைக்கே வருகிறார்கள், அதனால் வியாபாரம் கொஞ்சம் பரவாயில்லை. என் முழங்கால் அப்படியேதான், தைலம் போட்டால் ஒரு நாள் அடங்கும், மறுநாள் படி ஏறும்போது தன் வேலையைக் காட்டும். வாப்பா, டாக்டர் நெஞ்சுக்குக் கொடுத்த மருந்தை விடாமல் குடிக்கிறார், நான் குடிக்க வைக்கிறேன் என்பதுதான் உண்மை. போனில் பேசாமல் உம்மா ஏன் கடதாசியில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். உன் குரல் கேட்டால் வாப்பா எங்கே இருந்தாலும் ஓடிவந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், எனக்குத் தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. எழுதி முடித்ததும் மாமா மகன் ஸப்ரி இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். வாப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஹஜ்ஜுக்கு எங்கள் இரண்டு பேருடைய பெயரும் இந்த வருடம் வந்துவிட்டது என்று இரத்தினபுரி முகவர் போன் எடுத்துச் சொன்னது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. ஹஜ் போகிறவர் புறப்படும் முன் எல்லோரிடமும் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பது நம் வழக்கம், மற்றவர்கள் அதை டிக்கட் கைக்கு வந்த பிறகு செய்வார்கள். உன் வாப்பா போனை வைத்த கையோடு சட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். பணம் கட்டவில்லை, பாஸ்போட் புதுப்பிக்கவில்லை, அதற்குள் பாதி ஊரிடம் விடைபெற்றாயிற்று. எதிர்க்கடை நஜீபுடன் எத்தனையோ வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர், போய்க் கட்டிப் பிடித்து அழுதிருக்கிறார். மழையில் லயத்துக்கு ஏறி, தோட்டத்தில் மருந்து அடிக்கிற காத்தமுத்துவின் வாசலில் நின்று, நான் ஏதும் பிழையாப் பேசி ஈந்தா பொறுத்துக்கங்க என்று கேட்டாராம். காத்தமுத்து பதறிப்போய், என்னா கடை நானா இது, சிகரட்டு கேட்டா ஏசுவீங்க, அம்புட்டுதானுங்களே, அதுவும் எங்க நல்லதுக்குத்தானே என்று சொல்லி, தேத்தண்ணீர் கொடுத்து, தலைக்கு ஒரு றப்பர் சீட்டும் போட்டு அனுப்பியிருக்கிறார். அவர் பெண்சாதி அழகம்மா, வாப்பா கொண்டுவரப் போகும் மக்காத் தண்ணீருக்கு என்று ஒரு போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாளாம். இனி இந்த மனிதர் போகவில்லை என்றால் எந்த முகத்தோடு கடையைத் திறப்பார் என்று நீயே நினைத்துப் பார்.

இப்போது உன் பணத்துக்கு வருகிறேன். எங்கள் ஹஜ்ஜுக்காக நீ மாதாமாதம் உன் சம்பளத்தில் எடுத்து அந்த இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டு வந்தாய், அதற்கு அல்லாஹ் உனக்கு நற்கூலி தருவான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரிய கம்பனிகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு சிட்டிகை வாங்குவது, எதை வாங்கலாம் எதை விடலாம் என்று ஆராய ஒரு பெரிய மனிதருக்குச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை, அதனால் பிடிக்கிற கட்டணம் மிகக் குறைவு என்று நீ விளங்கப்படுத்தினாய். முதலில் ஏதோ ஒரு ஆப் வழியாக வாங்கி, பிறகு அவர்களுக்கும் வருடா வருடம் போகிறது என்று கண்டுபிடித்து, ஃபண்ட் நடத்துகிறவர்களிடமே நேரே கணக்குத் திறந்தாய். அதைக் கேட்டு வாப்பாவுக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. வேனில் சாமான் கொண்டுவருகிறவனிடம் வாங்காமல் விடிய பஸ் ஏறிக் கொழும்புக்கே போய் மூட்டை தூக்கிய மனிதர் அல்லவா. எனட மகள், நடுவில ஆள் வைக்க மாட்டாள் என்று பாண் வாங்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். இன்டெக்ஸ் என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, எல்லோரும் தலையாட்டினார்கள்.

போன சனிக்கிழமை ஸப்ரி கொழும்பிலிருந்து வந்தான். நீ அனுப்பியிருந்த விபரத்தை அவனிடம் காட்டி, இதில் என்னென்ன கம்பனி இருக்கிறது, வாசி பார்ப்போம் என்றேன், சும்மா கேட்கிற ஆசைதான். அவன் கம்பியூட்டர் கம்பனி, மருந்துக் கம்பனி என்று வாசித்துக்கொண்டே போனான், பிறகு வங்கி, வங்கி, இன்னொரு வங்கி, பிறகு குரலை இறக்கி, மாமி, சாராயக் கம்பனியும் ஈக்கிது, சிகரட் கம்பனியும் ஈக்கிது என்றான். திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னேன், அதேதான். மகள், உன் வாப்பா கடை திறந்த நாளிலிருந்து சிகரட் விற்றதில்லை. அதனால் நாம் இழந்ததை நீ சிறுவயதிலேயே பார்த்தவள். சிகரட்டுக்கு எதிர்க்கடைக்குப் போகிறவன் சீனியையும் மாவையும் அங்கேயே வாங்கிக்கொண்டு போய்விடுவான், நாம் மாதக் கடைசியில் பருப்பும் சம்பலுமாகச் சமாளித்த வீடு இது. அவர் கடையில் வைக்காததை எங்கள் ஹஜ் பணத்துக்குள் வைத்திருக்கிறாயே என்று எனக்கு உன் மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அந்தக் கம்பனிகளையும் வங்கி வட்டியையும் கழித்துவிட்ட ஃபண்டும் இருந்தது, கட்டணம் கூடுதல் என்று எடுக்கவில்லை என்று நீ முன்பு ஒருநாள் ஸப்ரியிடம் சொன்னாயாம். விலையைப் பார்த்தாய், மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கோபம் போய் அழுகைதான் வந்தது, நீ எங்களுக்காகச் சதம் சதமாக மிச்சம் பிடிக்கப் போய்த்தானே இப்படி ஆனது.

அதே பின்னேரம், வாப்பா தொழப் போயிருந்த நேரம், உன் குரல் செய்தியும் வந்தது. சந்தை விழுந்துவிட்டது உம்மா, போன வருடம் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்டப் போதுமாக இருந்தது, இப்போது நான் போட்டதற்கும் குறைவாக நிற்கிறது, விற்க வேண்டாம், ஒரு வருடம் பொறுங்கள், ஏறும் என்று சொல்லியிருந்தாய். நீ படித்தவள், ஏறும் என்றால் ஏறும்தான். ஆனால் வாப்பாவின் நெஞ்சு ஒரு வருடம் பொறுக்குமா என்று உன்னுடைய எந்தச் சந்தையும் எனக்குச் சொல்லாது. பொறுத்து ஏறினாலும், அந்த ஏற்றத்தில் சிகரட் காசும் வட்டிக் காசும் கலந்துதானே இருக்கும். சொல்லாமல் மறைத்து அவரை அனுப்புவதா, சொல்லி அவர் ஆசையில் மண் அள்ளிப் போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிவாசல் மௌலவியின் மனைவி நூரியாவிடம் போய், யாரோ ஒருவருக்கு இப்படி ஆகிவிட்டதாம் என்று கதை மாதிரிச் சொல்லி, மௌலவியிடம் கேட்டு வரச் சொன்னேன். அவள் உள்ளே போய் வந்து, உழைச்சுப் போட்ட மொதல் அவங்கட ஹலாலான காசிதான், அத எடுக்கலாம், மேல வந்த லாபத்துல கூடாதது கலந்து ஈந்தா அத ஏழைகளுக்குக் குடுத்துப் போடச் சொல்றாங்க என்றாள். அந்த யாரோ ஒருவர் யார் என்று அவளுக்கு விளங்கியிருக்கும், என் முகமே சொல்லியிருக்கும்.

வீட்டுக்கு வந்து ஸப்ரியை உட்கார வைத்து, நீ போட்ட மொத்தத்தையும், இடையில் வந்து சேர்ந்த பங்குலாபத்தையும், இன்றைய விலையையும் பார்க்கச் சொன்னேன். எல்லாம் பார்த்துவிட்டு, லாபம் என்று ஒரு சதமும் இல்லை மாமி, நட்டம்தான் என்று துக்க வீட்டில் சொல்வது மாதிரிச் சொன்னான். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவன் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரப் போனான். யோசித்துப் பார் மகள், இந்தச் சந்தை விழுந்து, கலந்ததை எல்லாம் கொண்டுபோய், உன் வியர்வையை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. இதைவிடச் சுத்தமாக அந்தப் பணம் இனி எப்போது இருக்கப் போகிறது.

அந்தத் துணிச்சலில் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று பார்த்தேன். அவர் தராசுத் தட்டைக் கழற்றித் துடைத்தார். பிறகு, புள்ளட சம்பளம் மட்டும்தானே மிச்சம் ஈக்கிது, அது போதும், அவளுக்கு ஒண்டும் சொல்லாதே, மனம் நோவும் என்றார். உன் மேல் அவருக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை, நான்தான் சாட்சி. ஆனால் அந்தப் பணம் ஒருவருக்குத்தான் சரி, இரண்டாவது ஆளுக்குப் பாதிதான் வரும் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. கடன் வாங்கி ஹஜ் செய்ய அவர் ஒருநாளும் சம்மதிக்க மாட்டார். நீ வராம நான் போற இல்ல என்று ஒரே பிடியாக நிற்கிறார். ஊரெல்லாம் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டாகிவிட்டதே என்றேன், திரும்பிப் போய்க் காத்திருக்கச் சொல்றன் என்கிறார். முகவருக்கு இந்த மாதத்துக்குள் பணம் போகாவிட்டால் பெயர் அடுத்தவருக்குப் போய்விடும். பெயர் போனால் அந்த மனிதர் உடைந்துவிடுவார் மகள், வாயால் சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும்.

அதனால்தான் இந்தக் கடதாசி. ஏறும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்காதே, ஏறுவதற்கு முன் எடுத்துவிடு. நாளைக்கே விற்று, வாப்பாவின் பெயருக்கு மட்டும் முகவருக்கு நேரே அனுப்பு. ரசீது வந்த பிறகு நான் அவரிடம் காட்டிக்கொள்கிறேன், கட்டிய காசை வீணாக்க அந்த வியாபாரிக்கு மனம் வராது. மிச்சமாகிற பாதியை என் பெயரை நினைத்து, அந்த மற்ற ஃபண்டில் போடு, வட்டியும் சாராயமும் சிகரட்டும் இல்லாததில். கட்டணம் கூடுதல்தான், இருக்கட்டும். அதை நீ ஆறுதலாக ஏற விடு. நீயும் மருமகனும் என்றைக்கு ஹஜ் போகிறீர்களோ அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள், மருமகன் ஆண் துணையாகக் கூட வந்தால் மார்க்கத்தில் எனக்கும் போக வழி இருக்கிறது. அதுவரை முழங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன், அது பொய், வருத்தமாகத்தான் இருக்கிறது, இரண்டு பேருக்கும் வெள்ளைத் துணி எடுத்து, என்னுடையதைத் தைக்கக்கூடக் கொடுத்துவிட்டேன்.

அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத் செய்வானாக, உன் வீட்டில் சலாமத்தைத் தருவானாக, நீ எங்களுக்குச் செய்ததை உன் பிள்ளைகள் உனக்குச் செய்வார்களாக. றம்ஸானுக்கு என் சலாம் சொல். பச்சைத் தண்ணீரில் முழுகாதே. இன்னும் ஒரு விஷயம், மறக்காதே. நீ விற்ற மறுநாளே விலை ஏறினாலும் ஏறும். வாப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். எனக்கு மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் உம்மா
ஸபியா ஹுஸைன்
ஓப்பநாயக்க