இரண்டாவது நாற்காலி

என் அன்புள்ளவளுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா? என் வணக்கத்தைச் சொல்.

போன வருஷம் எதிர் ஃபேக்டரிக்குக் கொள்ளை லாபம் என்றதும், என் சலூனுக்குக் கூட்டம் வருமென்று நம்பி இரண்டாவது நாற்காலி வாங்கினேனே, நினைவிருக்கிறதா? லாபம் முழுக்க முதலாளி வீட்டுக்குப் போனது. அவர் மட்டும்தான் முடிவெட்ட வந்தார். தொழிலாளிகளின் தலை காடாகக் கிடந்தது. நாற்காலி போர்வைக்குள் தூங்கியது.

இப்போது அவர்கள் வேலைநிறுத்தம் செய்து சம்பளத்தை ஏற்றிக்கொண்டார்கள். அந்தக் கலாட்டாவில் ஒரு கல் என் கடைக் கண்ணாடியில்தான் பட்டது, என்மேல் இல்லை, கவலைப்படாதே.

நேற்று முதலாளி வந்தபோது பெஞ்சில் உட்கார இடமில்லை.

"என்னப்பா, இவ்ளோ கூட்டம்?"

"சம்பளம் ஏத்துனீங்கல்ல சார். உங்களுக்கு எவ்ளோ வந்தாலும் தலை ஒண்ணுதானே."

கடையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார். பக்கத்துச் செருப்புக்கடைக்காரர்கூடக் கடையைப் பெரிதாக்குகிறார்.

இரண்டாவது நாற்காலிக்கு ஆள் வைத்துவிட்டேன். கழுத்தில் கட்டும் துணிதான் போதவில்லை. இங்கே விற்பது அரிக்கிறது. நீயே தைத்து அனுப்பு. ஒன்று மட்டும் நம் பையன் கழுத்தளவுக்கு இருக்கட்டும்.

பெஞ்சிலிருந்து குரல் கொடுக்கிறார்கள், முடிக்கிறேன். லீவுக்கு நீங்கள் வரும்வரை அவன் தலையில் வேறு யாரையும் கத்தரி வைக்க விடாதே.

உன்னவன்