யதுர்ஷனைக் கூட்டிக்கொண்டு போறன்

இஞ்ச பாருங்க, நானும் மகனும் கிரானுக்கு, என்ட தம்பி வீட்ட போறம். சோறும் மீன் ஆணமும் மூடி வச்சிருக்கன். வீட்டைப் பூட்டிட்டன், திறப்பு பக்கத்து வீட்டுக் கலாஜினிட்ட இருக்கு.

வகுப்புப் பொடியனுகள் அவன்ட போனைப் பறிச்சு, அவன் இன்னொரு பொடியனுக்கு ஆசையா எழுதினதையெல்லாம் பள்ளிக்கூடம் முழுக்க அனுப்பினானுகள். பறிச்சவன் இன்னும் வகுப்புல இருக்கான். அதிபர் நம்மட புள்ளையத்தான் பள்ளிக்கூடத்த விட்டு விலகச் சொல்றார். நீங்களும் அவனிட்டக் கேட்டது ஒண்டுதான்: "ஊருக்குள்ள நான் எப்பிடி நடக்கிற?"

நேத்து அவன் என்னட்டக் கேட்டான், "அம்மா, நான் இல்லாட்டி அப்பாக்கு வெக்கமில்லத்தானே?" எண்டு. அதுக்குப் பிறகு அவனைத் தனிய விட எனக்குப் பயம்.

போனைப் பறிச்சவன்ட தகப்பன் பின்னேரம் சமாதானம் பேச வாறாராம். வந்தா வாசலோட அனுப்புங்க. என்ட வீட்டுக் கோப்பையில அந்தாளுக்குத் தேத்தண்ணி குடுக்கப்படாது.

கிரானுக்கு வாறதெண்டா அவனோட கதைக்க வாங்க. ஏசுறதுக்கெண்டா வராதீங்க.

இன்னொண்டு. நீங்க உடுத்துற பழைய சாரனை, போர்த்திக்கொண்டு படுக்கவெண்டு, அவன் தன்ட பேக்குக்குள்ள வச்சிருக்கான். உங்களிட்டக் கேக்க அவனுக்குப் பயம். அதை வீட்டுல தேடாதீங்க.

கேதீஸ்வரி