ரொட்டிக்குள் வைத்த மோதிரம்

அக்டோபர் 30, 1959

நாளை சகல புனிதர் திருநாளுக்கு முந்தின மாலை. ரொட்டிக்குத் திராட்சையைத் தேநீரில் ஊறப்போட்டாயிற்று. பித்தளை மோதிரம் வாங்கும்போது கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

அக்டோபர் 31

மோதிரத்தையும் கந்தல் துண்டையும் காகிதத்தில் சுற்றி மாவுக்குள் அழுத்தினேன். தின்னும் துண்டில் மோதிரம் வந்தவருக்கு ஒரு வருஷத்தில் கல்யாணம். கந்தல் வந்தவருக்கு வறுமை. மோதிரத்துக்கு மேலே ஓர் அடையாளம் வைக்கலாமா? கை நின்றது. வைக்கவில்லை. நானே ஏற்பாடு செய்தால் அது எனக்கு என்ன சொல்லிவிடும்?

மலாக்கி வருவார். பக்கத்துப் பண்ணைக்காரர், மனைவியை இழந்தவர். வருஷா வருஷம் வந்து தின்றுவிட்டு, "நல்லா இருக்கு டீச்சர்" என்று சொல்லிப் போவார். அதை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலத்தையே ஓட்டிவிடுவேன். நாற்பத்துநாலு வயதில் இது என்ன பைத்தியம்!

நவம்பர் 1

நேற்று யாருக்கும் மோதிரம் வரவில்லை. அண்ணன் கோல்மனுக்குக் கந்தல். அண்ணி டெலியா மிச்சத்தையெல்லாம் பிட்டுப் பார்த்தாள்.

"போடவே மறந்துட்டியா நோரா? நாப்பது தாண்டினா மோதிரமெல்லாம் எங்க ஞாபகம் வரும்!"

"வாய மூடிக்கிட்டுத் தின்னுடி" என்றான் அண்ணன்.

போட்டேன். என் கையாலேயே போட்டேன்.

மலாக்கி மட்டும் சிரிக்கவில்லை. பாதியில் மெல்லுவதை நிறுத்தியவர், கேட்டதற்கெல்லாம் தலையைத்தான் ஆட்டினார். தேநீரைத் தொடாமலே கிளம்பிவிட்டார்.

அவர் வாயில்தான் இருந்தது — ஊர் என்னோடு சேர்த்துப் பேசிவிடுமென்று மறைத்தாரா? அவ்வளவு கசப்பா நான்?

நவம்பர் 8

பூசையில் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

நவம்பர் 14

சோடா ரொட்டியில் சிலுவை கீற மறந்துபோனேன். "குட்டிச்சாத்தானுங்க வெளிய போக வழி வைக்கலியா? வீடு விளங்கினாப்லதான்" என்றாள் அண்ணி. அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஒரு ரொட்டிக்காகவா?

நவம்பர் 21

அண்ணி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, மோர் கேட்டு வந்தார் மலாக்கி. தொழுவம் நிறைய மாடு வைத்திருப்பவர்!

"அது எங்கிட்டதான் இருக்கு டீச்சர்."

"தெரியும். எதுக்கு மறைச்சீங்க?"

"உங்க அண்ணி முன்னால எடுத்திருந்தா அன்னிக்கே ஊரு நமக்கு நாள் குறிச்சிருக்கும். உங்கள ஒரு வார்த்த கேக்காம நான் எப்படி அதக் காட்டறது?"

"கேக்கறதுக்கு இவ்வளவு நாளா?"

"வீட்டுல மோரு தீரவே மாட்டேங்குது டீச்சர்."

சிரித்துவிட்டேன். பாத்திரம் வழிய ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 25, 1960

இந்தப் புகுந்த வீட்டு அடுப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இடப்பக்கம் அதிகம் காய்கிறது. இன்றும் ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது. மலாக்கி கருகின பாதியைத் தன் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, வெண்ணெயை என் பக்கம் நகர்த்தினார்.